பீரோவில் புத்தகம் இருக்கிறது, வீட்டுக்கு யார் கொண்டுபோவது? தருமபுரி, கிருஷ்ணகிரி அரசுப் பள்ளிகள் குறித்து

தகடூரான்:

வணக்கம். பென்னாகரம் வட்டத்தில் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் படித்துவிட்டு வெளியூர்களில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர், பள்ளிக்கு ஒரு நூலகம் அமைத்துத் தரலாம் என்று பணம் திரட்டி வருகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது தலைமையாசிரியர் நன்றி கூறிவிட்டு, "புத்தகம் ஏற்கெனவே இரண்டு பீரோ நிறைய இருக்கிறது, எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கத்தான் ஆள் இல்லை" என்றார். அதைக் கேட்டபின் எங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. புத்தகம் வாங்கித் தந்தால் அது கண்ணுக்குத் தெரியும், பணம் கொடுத்தவர்களுக்கும் திருப்தியாக இருக்கும் என்பது ஒரு சாரார் கருத்து. இருக்கிற புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் சேர்க்கும் ஆளுக்குச் செலவழிக்கலாம் என்பது என் போன்றவர்களின் கருத்து.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே கடைசி. கிருஷ்ணகிரி 71.46. அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களாகக் கணக்கில் வந்தவர்களில் பலர் இன்று பள்ளிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார். சில வீடுகளில் தாய் தந்தையரே. ஆகவே புத்தகம் வீட்டுக்குப் போனாலும் அங்கே அதற்கு என்ன வேலை என்ற கேள்வியும் எழுகிறது. களத்தில் இருப்பவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அரூர்_ஆசிரியை:

உங்கள் தலைமையாசிரியர் சொன்னது உண்மை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையிலேயே ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்று உள்ளது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை நூலகத்துக்கென ஒதுக்குவதற்கு இடமுண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் கீழ் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு நூல்கள் வந்தன. ஊஞ்சல், தேன்சிட்டு என்ற சிறுவர் இதழ்களும் வந்தன. ஆக, எங்களைப் போன்ற பள்ளிகளில் புத்தகப் பஞ்சம் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஏன் அவை பிள்ளைகளிடம் போவதில்லை என்றால், இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில், ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். இதில் புத்தகம் கொடுத்து வாங்குவது கடைசி வேலையாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய காரணம் இருப்புப் பதிவேடு. ஏட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில், புத்தகத்தைப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு. பணி மாறுதல் வரும்போது பொறுப்பு ஒப்படைக்கையில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே என்பதுதான் அவர்களின் கவலை. கறையானுக்குக் கொடுத்தால் கேள்வி இல்லை, பிள்ளைக்குக் கொடுத்தால் கேள்வி வரும் என்ற நிலையில் ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எனக்கு ஒரு தன்னார்வலர் கிடைத்தால் வகுப்பு எடுக்கச் சொல்ல மாட்டேன். பாடம் நடத்துவது என் வேலை. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரம் வந்து, புத்தகங்களைத் தரையில் பரப்பி, பிள்ளைகளே எடுக்கும்படி விட்டு, பெயரைக் குறித்துக்கொண்டு, கடைசியில் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போனால் போதும்.

எலக்ட்ரானிக்சிட்டி_பாலக்கோட்டான்:

நான் பெங்களூரில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பழைய பேப்பர்காரருக்குப் போகும் புத்தகங்களைச் சேர்த்தால் ஒரு வேன் நிறையும். பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். புத்தம் புதிதுபோல இருப்பவையும் உண்டு. பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றி வரும் வண்டி வெறுமனே திரும்பும்போது அதிலேயே போட்டு அனுப்பிவிடலாம், செலவும் இல்லை. இருப்பது போதும் என்று இருந்துவிட்டால் நம் பிள்ளைகள் எப்போது ஆங்கிலம் படிப்பார்கள்?

கிளைநூலகர்:

தம்பி, உங்கள் நல்ல மனத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த வேன் எங்கே வந்து இறங்குகிறது என்பதை நாங்கள்தான் பார்க்கிறோம். நன்கொடை மூட்டையைப் பிரித்தால், பாடத்திட்டம் மாறிப்போன உரைநூல்கள், விடை எழுதப்பட்ட நுழைவுத்தேர்வுக் கையேடுகள், ஒரு தொகுதி மட்டும் உள்ள கலைக்களஞ்சியம், வார இதழ்களில் வந்த தொடர்கதைகளின் பைண்டு, கணினி மென்பொருள் பழைய பதிப்புக்கான தடித்த நூல் என்று வரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கையில் எடுத்து, பத்து நிமிடத்தில் முடித்து, 'இன்னொன்று கொடுங்கள்' என்று கேட்கக்கூடிய பதினாறு பக்கத் தமிழ்ப் புத்தகம் அதில் இருப்பதே அரிது. வேண்டாததைப் பிரித்தெடுத்து ஒழிக்க எங்களுக்குத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் இருமொழிப் படப் புத்தகங்கள் அச்சில் கிடைக்கின்றன. வேனுக்கு ஆகும் டீசல் காசில் அவற்றில் சிலவற்றை வாங்கலாம்.

இன்னொன்றையும் எல்லோரும் மறந்துவிடுகிறோம். தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. நீங்கள் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியாகச் சேர்த்து வாங்கப்படுகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள மாவட்ட மைய நூலகங்கள் எல்லாம் அந்த வரியைக் கொண்டு நடப்பவை. ஆகவே அது உங்கள் சொத்து. பள்ளிக்குப் புதிதாக ஒரு நூலகத்தைக் கட்டுவதற்கு முன், பக்கத்தில் உள்ள நூலகத்தில் எத்தனை பிள்ளைகள் உறுப்பினர்கள் என்று விசாரியுங்கள். 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேரலாம். 2022-இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்துக்கு நேரில் வர இயலாதவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்களே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க வழி இருக்கிறது. இது புதிய எண்ணமும் அன்று, சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதன் காலத்தில், 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள்.

தணிக்கையில்_இருந்தவன்:

அரூர் ஆசிரியை அவர்கள் சொன்ன பதிவேட்டு அச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. ஓர் ஆண்டில் 1,000 புத்தகங்கள் வழங்கப்பட்டால் அவற்றில் 5 தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம், நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்று அது கூறுகிறது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு இதை அப்படியே காட்டித் தப்பிக்க முடியாது. ஆயினும் புத்தகம் கொடுத்தால் சில தொலையத்தான் செய்யும் என்பதை அரசின் கணக்கு விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எடுத்துச் சொல்லலாம். தொலைந்தவற்றையும் கிழிந்தவற்றையும் பட்டியலிட்டு ஆண்டுக்கு ஒரு முறை குழுவின் தீர்மானமாக எழுதி வைத்தால், அடுத்து வரும் தலைமையாசிரியருக்கும் அது கைகொடுக்கும்.

தகடூரான் அவர்களுக்கு ஒரு யோசனை. நீங்கள் வாங்கும் நூல்களைப் பள்ளிக்கு அன்பளிப்பாக ஒப்படைக்காமல், முன்னாள் மாணவர் குழுவின் உடைமையாகவே ஒரு தனி நோட்டில் எழுதி, பள்ளியில் வைத்துப் புழங்க விடுங்கள். தொலைந்தால் அது உங்கள் இழப்பு. ஆசிரியர் நிம்மதியாகக் கொடுப்பார். வாங்கும் தொகையில் ஒரு பங்கை இழப்புக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

தளி_மலையடிவாரம்:

நான் தேன்கனிக்கோட்டைப் பகுதியில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவள். அந்தத் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. மாலையில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருவதற்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதில் வேலை செய்ததால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம்; ஒசூர், கிருஷ்ணகிரி நகரங்களில் உருதும் உண்டு. பள்ளிக்கு வந்தபிறகுதான் தமிழைப் புத்தகமாகப் பார்க்கிறார்கள். 'பெற்றோர் வீட்டில் படிக்க வையுங்கள்' என்று சொல்லி ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினால், அது சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்துவிட்டு அப்படியே திரும்பி வரும். ஆகவே நாங்கள் முறையை மாற்றினோம். பெற்றோரிடம் 'நீங்கள் படித்துக் காட்டுங்கள்' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'பிள்ளை படிப்பதை நீங்கள் கேளுங்கள், படத்தைக் காட்டி இது என்ன என்று உங்கள் மொழியில் கேளுங்கள்' என்றோம். இதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

மாசி, பங்குனியில் எங்கள் ஊர்களில் புளி தட்டும் வேலை நடக்கும். திண்ணையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பார்கள். கை நிற்காது, ஆனால் காதும் வாயும் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அங்கே உட்கார வைத்து, ஒரு நரிக் கதையைப் படிக்கச் சொன்னேன். அவள் தமிழில் ஒரு வரி படித்துக் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, பாட்டி ஒருவர் இடைமறித்து, "நரி அப்படி ஏமாறாது" என்று தம்முடைய கதையைத் தொடங்கிவிட்டார். புத்தகக் கதையைவிட அது நீளம். அந்தக் கதையை மறுநாள் பிள்ளைகள் தமிழில் எழுதி, படம் வரைந்து, நூலால் தைத்துப் புத்தகமாக்கினார்கள். இரவல் நோட்டில் அதிகம் தடவை கேட்டு எழுதப்பட்டது அந்தக் கைப்பிரதிதான். அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. 'எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்' என்று நாம் கணக்கில் கழித்துவிடுபவர்களிடம் இப்படி எவ்வளவோ இருக்கிறது.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர் என்றால் காசு வாங்காதவர் என்று நினைப்பவர்கள், அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்துவிட்டு, திருமணமாகி ஊரிலேயே இருக்கும் பெண்கள். 'மாலையில் எங்கே போகிறாய்' என்று வீட்டில் கேட்கும்போது, அந்த 1,000 ரூபாய்தான் அவர்களுக்கு வெளியே வர அனுமதிச் சீட்டு. தகடூரான் குழுவினர் ஆளுக்குச் செலவு செய்வதாக இருந்தால், ஊரிலேயே அப்படி ஒரு பெண்ணைத் தேடுங்கள். சனி, ஞாயிறு காரில் வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்களால் பிள்ளைகளுக்கு ஒரு வேளை பிஸ்கட் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒசூர்_தொழிற்பேட்டை:

சகோதரி சொன்ன புளி தட்டும் இடம் அருமை. ஆனால் ஒன்றை ஏற்க முடியவில்லை. காசு கொடுத்தால் காசு நிற்கும் நாளில் வேலையும் நின்றுவிடும். அதைவிட, செல்பேசியிலேயே கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாவற்றிலும் படக்கதைகள் இருக்கின்றன. எவரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடவும் உரிமை உண்டு. பீரோவும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம்.

தளி_மலையடிவாரம்:

ஐயா, வீட்டில் ஒரு செல்பேசிதான் இருக்கும், அது அப்பாவோடு பெங்களூர் கட்டட வேலைக்குப் போயிருக்கும். இருந்தாலும் அந்தத் தளத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குப் பயன்படுவது அச்சிடும் உரிமை. ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிராக வரும்படி அச்சிட்டுத் தைத்துவிட்டால், கன்னடப் பள்ளியில் படித்த அம்மா ஒரு பக்கத்தையும் பிள்ளை மறுபக்கத்தையும் படிக்கலாம். காசு நிற்கும் நாளில் வேலை நிற்கும் என்பது உண்மைதான். காசில்லாத வேலை மூன்றாம் மாதமே நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன்.

காரிமங்கலம்_அம்மா:

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படித்தான் நானும் வந்தேன். கூட்டத்தில் கழிப்பறை, தண்ணீர், சத்துணவு பற்றிப் பேசியிருக்கிறோம். புத்தகத்தைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை என்பது இதைப் படிக்கும்போதுதான் உறைக்கிறது.

தாய்மார்கள் சார்பில் இரண்டு வேண்டுகோள்கள். புத்தகம் கிழிந்தால் அபராதம் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே நாங்கள் பிள்ளையிடம், 'வாங்கி வராதே' என்று சொல்லிவிடுவோம். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஐம்பது ரூபாய் சின்னத் தொகை அன்று. இரண்டாவது, எங்களுக்கும் புத்தகம் கொடுங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் மகன் கொண்டுவந்த பற நிலைப் புத்தகங்களை அவனுக்கு முன்பே நான் படித்துவிடுகிறேன். அதைவிடப் பெரிய எழுத்தில், பெரியவர்களுக்கான செய்தியோடு மெல்லிய புத்தகங்கள் இருந்தால், எங்கள் மகளிர் குழுவில் படிக்க ஆள் உண்டு.

அரூர்_ஆசிரியை:

அம்மா, 15 வயதுக்கு மேற்பட்ட எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் பள்ளிகளை மையமாக வைத்தே நடக்கிறது. அதன் பாடநூலை முடித்தவர்களுக்கு அடுத்துப் படிக்க என்ன கொடுப்பது என்பதுதான் எங்கள் சிக்கல். நீங்கள் சொன்ன மெல்லிய புத்தகங்கள் அந்த இடத்தில் பொருந்தும். மகளிர் குழுவின் பெயரிலேயே ஒரு பங்கை ஒதுக்குங்கள் என்று தகடூரான் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அபராதம் பற்றி நீங்கள் சொன்னதை எங்கள் பள்ளியில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

சமுதாய_செவிலி:

பள்ளிக்கு வருமுன் உள்ள ஐந்து ஆண்டுகளைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992-இல் 300 குழந்தைகளைக் கொண்டு புக்ஸ்டார்ட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். சுகாதாரப் பணியாளர்கள் குழந்தையைப் பார்க்கும் வேளையிலேயே தாயிடம் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்து, நூலகத்தையும் அறிமுகம் செய்தார்கள். நமக்குப் புதன்கிழமை தடுப்பூசி நாள். தாய்மார்கள் ஊசி போட்டபின் அரை மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். அங்கன்வாடியில் கெட்டி அட்டைப் புத்தகங்கள் சில இருந்தால், காத்திருக்கும் நேரத்தில் ஒரு தன்னார்வலர் காட்டிப் பேசலாம். வாயில் வைத்துக் கடித்தாலும் கெடாத அட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

போச்சம்பள்ளி_பைண்டர்:

தொழில் தெரிந்தவன் என்பதால் ஒரு சிறு குறிப்பு. பதினாறு, இருபத்து நான்கு பக்கச் சிறு புத்தகங்கள் எல்லாம் நடுவில் இரண்டு பின் அடித்து வருகின்றன. மழைக்காலத்தில் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும், நடுப்பக்கம் முதலில் கழன்று விழும். புத்தகம் வந்தவுடனே பின்னைப் பிடுங்கிவிட்டு, அதே துளைகளோடு நடுவில் இன்னொரு துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்துவிடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். மைதாப் பசையால் ஒட்ட வேண்டாம், பூச்சி அதற்காகவே வரும். நாங்கள் கடையில் பசையோடு மயில்துத்தம் கலப்போம். அது நஞ்சு, சின்னப் பிள்ளைகள் புழங்கும் புத்தகத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், நான்கு விரற்கடை தள்ளி, செங்கல் மேல் நிறுத்துங்கள். கறையான் வருவது முக்கால்வாசி சுவர் வழியாகத்தான்.

தகடூரான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் குழுவில் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியும்படி புத்தகம்தான் வாங்க வேண்டும் என்ற கட்சியினர் முழுவதும் சமாதானமாகவில்லை. ஆயினும் திரட்டிய தொகையில் பெரும்பங்கை ஓர் ஆண்டுக்கு ஒரு பெண்ணின் ஊக்கத்தொகைக்கும், எஞ்சியதைத் தனி நோட்டில் வைக்கும் புத்தகங்களுக்கும், இழப்பு ஒதுக்கீட்டுக்கும் வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. பாலக்கோட்டு நண்பர் வேனுக்குப் பதில் இருமொழிப் படப் புத்தகங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். மகளிர் குழுவுக்கான பங்கு, அங்கன்வாடி இரண்டையும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன். எப்போது தொடங்குவது என்பதில் மட்டும் குழப்பம்: காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்கலாம் என்கிறார் தலைமையாசிரியர்.

அரூர்_ஆசிரியை:

அதற்கு முன்பே தொடங்குங்கள். தேர்வு முடியும் நாளில் பீரோவைப் பூட்டிச் சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் நாட்கள் முழுவதும் புத்தகம் இருட்டில் கிடக்கிறது. கடைசித் தேர்வன்று பிற்பகல் ஆளுக்கு இரண்டு புத்தகம் கொடுத்து அனுப்பினால், விடுமுறைக்கு அவர்கள் பாட்டி வீட்டுக்குப் போகும்போது அவையும் கூடப் போகும். சில திரும்பி வராது. உங்கள் இழப்பு ஒதுக்கீடு அதற்குத்தானே.